எளாவூரில் நாற்பது நிமிடம்

மே இரண்டாம் வாரம்.
முகத்துவாரத்தை மணல் மூடி எழுபது நாள்.
பீமுலவாரிபாளையம் தாண்டியதும் படகு தரைதட்ட,
போலய்யா இறங்கித் தள்ளினார்.
உப்புமானியில் ஒரு சொட்டு விட்டுக்
கண்ணருகே பிடித்தேன். ஐம்பத்திரண்டு.
கடலே முப்பத்தைந்துதான்.
"இனி ஏரிதான் கடலுக்கு உப்புக் கடன் கொடுக்கும்"
என்றார் தெலுங்கில்.
எனக்குத் தமிழில் எரிந்தது, உதட்டு வெடிப்பில்.

வலையில் ஏழு மடவை.
செவுளை அறுத்துக் குப்பியிலிட்டுத்
திரவ நைட்ரஜனில் அமிழ்த்த
மீனுக்கு ஒரு நிமிடம்.
தாமதித்தால் சேதி கலைந்துவிடும்.

சேதி இதுதான்:
வெளியே உப்பு ஏறினால்
செல்லுக்குள்ளிருந்து தண்ணீர் நழுவும்.
காற்றிறங்கிய சைக்கிள் டியூப் போல அது தொய்யும்.
தொய்வை உணர்ந்த ஏதோ ஒரு புரதம்
பக்கத்துக் கைனேஸைத் தட்டும்.
அது அடுத்ததன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும்,
ஒட்டுப்பட்டது விழித்துப் பத்தை எழுப்பும்,
பத்து நூறை.
கடைசியாக எழுந்தது உட்கருவுக்குள் போய்
மூடிக்கிடந்த பக்கமொன்றைத் திறக்கும்.
அதன்பின் செல் இனிப்புச் சமைக்கும்.
நிஜமாகவே இனிப்பு,
சர்க்கரைக்குத் தூரத்துச் சொந்தம்.
வெளியே அத்தனை உப்பு,
உள்ளே கொஞ்சம் இனிப்பு,
அந்தச் சமன்பாட்டில்தான் ஒரு மீன் நீந்துகிறது.

எளாவூர் சோதனைச் சாவடியில்
ஜீப்பை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
"கேன்ல என்னம்மா?"
"மீன் செவுள்."
"செவுளுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கேன்?"
கடிதம் இருந்தது, முத்திரையும் இருந்தது,
இரண்டும் தெலுங்கில்.
கான்ஸ்டபிள் முனிரத்தினம் எஸ்.ஐ.யை அழைத்தார்.
எஸ்.ஐ. யாரையோ.
அந்த யாரோ சாப்பிடப் போயிருந்தார்.
செல்லில் ஒன்று பத்தாகிறது;
இங்கே ஒவ்வொரு கை மாறும்போதும்
சேதி பாதியாகத் தேய்ந்தது.
மூடியைத் திறந்தார்கள்.
வெண்புகை பொங்கியதும் மூன்று பேர் ஓடினார்கள்.
நெல்லூர் பஸ் ஜன்னலில் ஒரு பையன் கைதட்டினான்.
மறுபடி திறந்தார்கள், எஸ்.ஐ. பார்க்க.
மறுபடி, எஸ்.ஐ.யின் டிரைவர் பார்க்க.

விடிகாலை ஐந்துக்குப் பிறகு
நான் தண்ணீர் குடித்திருக்கவில்லை.
படகில் பெண்ணுக்கு மறைவிடம் ஏது?
நாற்பத்தொரு டிகிரி வெயிலில் நிற்கையில்
நினைத்துக்கொண்டேன்:
என் சிறுநீரகத்தின் ஆழத்தில் இந்நேரம்
அதே கைனேஸ் எழுந்திருக்கும்,
அதே இனிப்பு அடுப்பேறியிருக்கும்.
மடவைக்கும் எனக்கும் மருந்து ஒன்றே.
என்னை அறுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

முனிரத்தினம் எதை நம்பினாரோ தெரியாது.
ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டி
"குடிச்சிட்டுக் கெளம்புங்க மேடம்" என்றார்.
குடித்தேன்.
ஒட்டியதைத் துடைக்கவும் செல்லில் நொதி உண்டு.
ஆபத்து விலகினால்
பாஸ்பேட்டை ஒவ்வொன்றாய் உரித்து
எல்லோரையும் உறங்க அனுப்பும்.
உரிக்கப்படுகிற அந்த நிம்மதி
கும்மிடிப்பூண்டி வரை என்னோடு வந்தது.

நான்காம் நாள், இருட்டறை.
பிலிமில் ஏழு தடம்.
ஐந்தில் கரிய பட்டை, விரல்நகம் போல்.
இரண்டு வெறுமை.
மேல்கூடையில் இருந்தவை அவை.
அந்த மீன்கள் வருந்தவில்லையா,
வருத்தத்தைச் சாவடி துடைத்ததா?
பிலிம் இரண்டையும் ஒரே வெள்ளையில் எழுதுகிறது.
நோட்டில் ஐந்து என்று குறித்தேன்.

இரவு போலய்யா அழைத்தார்.
முகத்துவாரம் இன்னும் திறக்கவில்லை,
தோண்டும் இயந்திரம் எந்த மாநிலச் செலவு என்று பேச்சாம்.
உப்பு விலகாவிட்டால்,
உறங்கப் போக விடாவிட்டால்,
இனிப்புச் சமைக்கச் சொன்ன அதே கைனேஸ்
இன்னொரு பக்கத்தைத் திறக்கும்.
அதில் செல் தன் விளக்குகளைத்
தானே அணைப்பதற்கான முறை
வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது.
அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று
தெலுங்கில் சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

"மடவை மிதக்குது" என்றார் அவரே,
தமிழில்.